தென்கிழக்கு பார்த்த ஆண்டெனா

போன ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, மொட்டைமாடியில் நிற்கும் இரும்புக் குழாயை அறுத்து எடுத்துவிடச் சொன்னாள் அம்மா. காற்று வீசும் இரவுகளில் அது முனகுகிறதாம். "செத்துப்போன உன் ஆச்சி கூப்பிடுவதுபோலவே இருக்கிறது" என்றாள். ஆச்சி உயிரோடு இருந்த காலத்தில் அந்தக் குழாயைத் திருப்புவதற்காக எத்தனை பேரைக் கூவிக் கூப்பிட்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதனால் மறுத்துப் பேசவில்லை.

எங்கள் ஊர் முக்கூடலுக்குப் பக்கத்தில். தாமிரபரணிக் கரையோரம் நெல்லும் வாழையும்; கரையை விட்டு மேட்டுக்கு ஏறினால் பீடி. பீடி சுற்றாத பெண்பிள்ளை இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

குழாயை அறுக்க வந்தவன் ஐந்தாம் வகுப்புவரை என்னோடு படித்தவன். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் கண்ணாடியிழைக் கேபிள் இழுப்பது, கேமரா மாட்டுவது, டிஷ் திருப்புவது எல்லாம் இப்போது அவன்தான். மாடி ஏறியதும் குழாயை அண்ணாந்து பார்த்தான். "இது முதலில் தென்கிழக்கே பார்த்து நின்றது. பிறகுதான் வடக்கே திருப்பினீர்கள்" என்றான்.

வீட்டுக்காரனான எனக்கே அது மறந்துபோயிருந்தது.

அந்தக் குழாய் நடப்பட்டது 1985இல். பம்பாயில் வேலை பார்த்த பெரியப்பா, ரயிலில் இரண்டு இரவுகள் கண் அசராமல் காவல் காத்து ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். மரச் சட்டம், இழுத்து மூடும் கதவு, அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு. சாவி ஆச்சியின் இடுப்பில். பெட்டியின் கண்ணாடிமேல் ஒட்டுவதற்கு மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை என்று மூன்று நிறம் பூசிய பிளாஸ்டிக் தாள் ஒன்றும் வாங்கிவந்திருந்தார். வயலும் வானமும் வந்தால் அந்தத் தாள் நியாயமாக நடந்துகொள்ளும். மனிதர்கள் வந்தால் நெற்றி நீலமாகவும் மோவாய் பச்சையாகவும் இருக்கும். நாங்கள் அதையும் கலர் என்றே சொல்லிக்கொண்டோம்.

மெட்ராஸில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975ஆம் ஆண்டு சுதந்திர தினத்தில். ஆனால் மெட்ராஸ் எங்களுக்கு 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. கொழும்பு அதில் பாதி தூரம்தான், நடுவில் கடல் என்பதைப் பொருட்படுத்தாவிட்டால். அலைகளுக்கு அந்தக் கடல்தான் வசதி. இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்த நாட்டின் ஆக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியில், 2,524 மீட்டர் உயரத்திலிருந்து அதை அனுப்பினார்கள். கடல்மேல் கிடக்கும் ஈரக் காற்றுக்கு மேலே சூடான காற்று ஒரு மூடிபோல் படிந்துவிட்டால், நேர்கோட்டில் போய்த் தொலையவேண்டிய அலை வளைந்து தவழ்ந்து வெகுதூரம் வரும். காற்றே இல்லாத, உடம்பெல்லாம் கசகசக்கும் இரவுகளில்தான் எங்களுக்குப் படம் தெளிவாக வந்தது. ஆடிக் காற்று தொடங்கினால் ஆண்டெனா தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும். மாடியில் ஒருவர், முற்றத்தில் ஒருவர், பெட்டிக்கு முன்னால் ஆச்சி. "வந்துவிட்டதா?" என்ற கேள்வி கீழே இறங்கி, "வந்தது, போய்விட்டது" என்ற பதில் மேலே ஏறுவதற்குள் அது மறுபடி வந்து போயிருக்கும்.

இலங்கை எங்கள் வீட்டுக்கு முதலில் காது வழியாக வந்ததுதான். 1963 டிசம்பரில் திருநெல்வேலிக்கு வானொலி நிலையம் வந்த பிறகும், பீடி சுற்றும் திண்ணைகளில் இலங்கை வானொலியின் பாட்டுதான் ஓடும் என்று அம்மா சொல்லுவாள். இப்போது அதே திசையிலிருந்து படம். சிங்களத்தில் செய்தி, இடையில் கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் தமிழ். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்த அகதிகளுக்கான முகாம்கள் எங்கள் மாவட்டத்திலும் இருந்தன. அந்த நாட்டின் அரசுத் தொலைக்காட்சி தெரிய வேண்டும் என்று நாங்கள் மாடியில் ஏறிக் குழாயை முறுக்கிக்கொண்டிருந்தோம். இது யாருக்கும் உறைத்ததாக நினைவில்லை. செய்தி வாசிக்கும் பெண் என்ன சொல்கிறாள் என்பதைவிட, அவள் முகம் புள்ளியில்லாமல் தெரிகிறதா என்பதுதான் எங்கள் கவலை.

பிறகு கோடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் வந்தது. கோடைக்கானல் எங்களுக்கு நேர் வடக்கு. ஒரே வாரத்தில் ஊரிலிருந்த ஐந்தாறு ஆண்டெனாக்களும் கடலுக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டன. என் நண்பன் சொன்னது இந்தத் திருப்பத்தைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சினிமா, வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் என்று எழுதத் தொடங்கினால் என் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுவோம். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கே உரிய இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, டிக்கெட். படம் பார்க்க வந்தவர்களிடம் நாலணா வாங்கிய வீடுகள் அக்கம்பக்கத்து ஊர்களில் உண்டு. ஆச்சி காசு வாங்குவதைக் கேவலமாக நினைத்தாள். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அதைவிடக் கேவலமாக நினைத்தாள். பெண்கள் பீடித் தட்டோடு வருவார்கள். இலை வெட்டும்போது கண் இலையில் இருக்க வேண்டும். தகடு நகர்ந்தால் இலை வீண். சுற்றுவதற்குக் கண் வேண்டாம். ஆகவே படம் தொடங்குவதற்குள் இலையை வெட்டி முடித்துவிடுவார்கள். கண் பெட்டியில் இருக்கும். தூளை வைத்து உருட்டி நூலைக் கட்டும் வேலையை விரல்கள் தாமாகச் செய்யும். சிறுவர்களான எங்களுக்குப் பீடியின் வாயை மடக்கும் வேலை. முன்வரிசையில் உட்கார வேண்டுமானால் மடக்கியாக வேண்டும். சோகக் காட்சிகளில் தெரு முழுக்க உற்பத்தி குறைந்தது என்று அம்மா இன்றும் சொல்கிறாள். அழுகிற கண்ணைத் துடைக்கப் புகையிலைத் தூள் படிந்த கையைக் கொண்டுபோக முடியாது அல்லவா?

இரண்டாவது, மகாபாரதம். 1988 அக்டோபரிலிருந்து 1990 ஜூன்வரை ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், சுத்தமான இந்தியில். எங்கள் தெருவில் இந்தி தெரிந்தவர் பட்டாளத்துத் தாத்தா ஒருவர்தான். அவருக்குத் தெரிந்த இந்தி அணிவகுப்பு மைதானத்து இந்தி. ஆனால் யாரும் அவரைச் சோதித்துப் பார்க்கும் நிலையில் இல்லை. குருக்ஷேத்திரத்தில் கிருஷ்ணர் வாரக்கணக்கில் பேசினார். எல்லோரும் தாத்தாவைப் பார்த்தோம். தாத்தா கண்ணை மூடி யோசித்துவிட்டு, "எழுந்து போய்ச் சண்டையைப் போடு என்கிறார்" என்றார். மற்றவர்களுக்குத் திருப்தி. ஆச்சிக்கு மட்டும் கடைசிவரை ஒரு குறை இருந்தது. "அல்லி எப்போது வருவாள்?" என்று வாராவாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் அறிந்த பாரதத்தில் அர்ச்சுனனை ஆட்டிவைத்தவள் மதுரையை ஆண்ட அல்லி. வில்லுப்பாட்டிலும் பாட்டிமார் கதையிலும் அவள் இல்லாமல் பாரதம் கிடையாது. கடைசி வாரம் முடிந்து பெட்டியைப் பூட்டும்போது, "வடக்கத்தியானுக்குப் பாதிக் கதைதான் தெரிந்திருக்கிறது" என்று தீர்ப்புச் சொன்னாள்.

நாங்கள் பார்த்த நிகழ்ச்சி பெட்டிக்கு வெளியேதான் நடந்தது என்று இப்போது தோன்றுகிறது. தாத்தாவின் மொழிபெயர்ப்பு, ஆச்சியின் ஆட்சேபம், நடுவில் நூல்கண்டு உருண்டு ஓடியதற்காக நடந்த சண்டை. பெட்டியில் ஓடியது அதற்குப் பின்னணி இசை.

கோயில் கொடை விழாக்களிலும் இதுதான் நடந்தது. சுடலைமாடன் கோயில் கொடைக்கு வெள்ளிக்கிழமை வில்லுப்பாட்டு, சாமியாட்டம். மறுநாள் இரவு அம்பாசமுத்திரத்திலிருந்து டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துவந்து விடியவிடிய மூன்று படங்கள். முதல் படத்துக்கு ஊரே இருக்கும். மூன்றாவது படத்தின்போது பாதிப் பேர் மணலிலேயே தூங்கிக்கிடப்பார்கள். சில வருடங்களில் வில்லுப்பாட்டுக்காரர்களே முன்னிரவில் பாட்டை முடித்துக்கொண்டு படம் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். வில்லுப்பாட்டின் வீழ்ச்சிபற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் காட்சியைச் சேர்த்துக்கொள்வதில்லை.

இப்படி நான் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொல்ல, நண்பன் குழாயின் அடியில் ரம்பத்தை ஓட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். மகாபாரதம் என்றதும் நிறுத்தினான்.

"கிருஷ்ணர் எனக்குப் பாதிதான் தெரிவார்" என்றான். "உங்கள் வீட்டு பீரோ மறைக்கும். வலது பக்கம் நிற்கிறவர்கள் மட்டும் முழுதாகத் தெரிவார்கள். அர்ச்சுனன் முழு ஆள். கிருஷ்ணருக்கு ஒரு கை, கிரீடத்தில் பாதி."

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. அவன் பார்த்தது ஜன்னலிலிருந்து.

எங்கள் கூடத்தில் உட்காரும் முறை ஒன்று இருந்தது. கட்டிலில் ஆச்சி. தரையில் சிறுவர்கள், அவர்களுக்குப் பின்னால் தட்டோடு பெண்கள். திண்ணையில் ஆண்கள், கதவு வழியாக. தெருவில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெற்குத் தெருப் பிள்ளைகள். அவர்களை உள்ளே வராதே என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை. பீடி மடக்கச் சொல்லி அவர்களைக் கேட்டதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஜன்னலுக்கு வெளியே நிற்பான். திங்கட்கிழமை இரண்டு பேரும் கதையைப் பேசிக்கொள்வோம். அவனுக்குப் பாதிதான் தெரிந்தது என்று அவன் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இன்னொன்றையும் அவன் சொன்னான், சிரித்துக்கொண்டேதான். மழைக்காலத்தில் பாதிப் படத்தில் ஆச்சி, "கொசு வருகிறது, ஜன்னலைச் சாத்து" என்பாளாம். எழுந்து வந்து சாத்துகிறவன் நான்தானாம். எனக்கு அது நினைவில் இல்லை. ஆனால் அந்த ஜன்னலின் கொண்டி துருப்பிடித்து மேல்நோக்கித் தூக்கினால்தான் விழும் என்பது மட்டும் என் கைக்கு இன்னும் நினைவிருக்கிறது. சாத்தாதவனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

'அந்தக் காலத்தில் ஊரே ஒன்றாக உட்கார்ந்து பார்த்தது' என்று இனி எங்காவது படித்தால், எந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர் எழுதியது என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். குடும்பத்துக்குள்ளேயும் அந்தக் கதை அவ்வளவு இனிப்பாக இருந்ததில்லை. ஒரே பெட்டி, ஒரே சாவி. என் அப்பா ஒருநாளும் செய்தியை முழுதாகப் பார்த்ததில்லை. சேர்ந்து பார்த்தோம் என்பதில் பாதி, தனியாகப் பார்க்க வழியில்லை என்பதுதான்.

1993 ஏப்ரலில் சன் டிவி வந்தது. இரண்டு மூன்று வருடங்களில் கேபிள் எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. கறுப்பு வயர் வேப்பமரத்திலிருந்து தென்னைக்கும், தென்னையிலிருந்து மின்கம்பத்துக்கும் தாவித் தாவி வந்தது. கேபிளுக்குத் திசை கிடையாது. மாடியில் ஆண்டெனா வடக்கே பார்த்தபடி அப்படியே நின்றுபோயிற்று. காக்கைகள் மட்டும் அதைப் பயன்படுத்தின. தொண்ணூறுகளின் முடிவில் இரவுத் தொடர்கள் வந்தபோது பீடிக்கும் பெட்டிக்குமான பழைய ஒப்பந்தம் உறுதிப்பட்டது. நேரத்தைக்கூட அதில்தான் அளந்தார்கள். "இரண்டு நாடகத்துக்குள் இந்தக் கட்டை முடித்துவிடுவேன்" என்பாள் அம்மா. சீரியல் பெண்களைக் கெடுக்கிறது என்று எழுதியவர்கள் எவரும், அதைப் பார்த்த பெண்களின் கை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று எங்கள் பக்கம் வந்து பார்க்கவில்லை.

ஆனாலும் பெட்டி இல்லாத வீடுகள் அப்போதும் இருந்தன, முக்கியமாகத் தெற்குத் தெருவில். அதை முடித்துவைத்தது 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம். 14 அங்குலப் பெட்டி, குடும்ப அட்டைக்கு ஒன்று. தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனது. மக்கள் வரிப்பணத்தில் டிவி எதற்கு என்று பாளையங்கோட்டையில் டீக்கடை டீக்கடையாக வாதம் நடந்தது. நானும் அந்த வாதத்தில் எதிர்ப்பக்கம் நின்று பேசியவன்தான். எங்கள் வீட்டில் அப்போது 21 அங்குலப் பெட்டி இருந்தது.

"உன் வீட்டுக்கு வந்த அன்று எப்படி இருந்தது?" என்று நண்பனைக் கேட்டேன்.

"அம்மா கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள்" என்றான். "புழுக்கம் தாங்கவில்லை. திறக்கலாம் என்றேன். சும்மா இரு என்று சொல்லிவிட்டாள்."

அந்த வாரத்திலிருந்து எங்கள் ஜன்னலில் யாரும் இல்லை. கூடத்துக்கு வரும் பெண்களும் மெல்ல மெல்ல நின்றார்கள். அவர்களுக்கும் பெட்டி கிடைத்திருந்தது. ஆச்சிக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. "இந்தத் தெருவில் எல்லோருக்கும் பவுசு வந்துவிட்டது, ஒருத்தியும் எட்டிப் பார்ப்பதில்லை" என்று புலம்பிக்கொண்டே இருந்தாள். அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுடைய தனிமையும் தெற்குத் தெருவின் சாத்திய கதவும் ஒரே வாரத்தில் வந்தவை. ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அழ எனக்கு இப்போது முடியவில்லை.

அதன்பிறகு நடந்தவை உங்கள் வீட்டிலும் நடந்தவைதான். மணிக்கணக்கான மின்வெட்டுக் காலம், மாதம் 70 ரூபாய்க்கு வந்த அரசு கேபிள், மாடிகளில் முளைத்த டிஷ்கள், 2016இல் ஜியோ வந்ததும் ஆளுக்கொரு கைபேசி. பாளையங்கோட்டையில் என் வீட்டுச் சுவரில் 43 அங்குலத் திரை தொங்குகிறது. அதற்கு முன்னால் மூன்று பேர் மூன்று கைபேசிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். யாரும் யாரையும் ஜன்னலைச் சாத்தச் சொல்வதில்லை.

2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் மகாபாரதத்தை மறுபடி ஒளிபரப்பியபோது ஒருநாள் மகளைப் பிடித்து உட்காரவைத்தேன். பத்து நிமிடம் தாங்கினாள். ஆனால் பட்டாளத்துத் தாத்தாவின் மொழிபெயர்ப்புக் கதையைச் சொன்னதும் ஆர்வம் வந்து, கிருஷ்ணர் உண்மையில் என்ன சொல்கிறார் என்று கைபேசியில் தேடி உட்கார்ந்து படித்தாள். கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்து, "அப்பா, தாத்தா சொன்னது சரிதான்" என்றாள்.

குழாய் கீழே வந்தது. ஆண்டெனாவின் குறுக்குக் கம்பிகள் எல்லாம் உதிர்ந்து முதுகுத்தண்டு மட்டும் மிச்சம் இருந்தது. அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டிஷ்ஷைக் காட்டி, "இது எந்தப் பக்கம் பார்க்கிறது, சொல்" என்றான் நண்பன். பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளை நோக்கி அது கிட்டத்தட்ட மல்லாந்து கிடந்தது. ஆனால் சாய்ந்திருந்த பக்கம் தென்கிழக்கு. அதே பழைய திசை. கழற்றவில்லையே தவிர அதுவும் இப்போது வேலையில் இல்லை. அவன் இழுத்துக் கொடுத்த இழை வழியாகத்தான் அம்மா பார்க்கிறாள்.

கீழே வந்தபோது மாலைத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பீடி சுற்றுவதை விட்டு ஐந்தாறு வருடமாகிறது. தட்டை மட்டும் விடவில்லை. மடியில் தட்டு, தட்டில் கைபேசி, கைபேசியில் தாராவியில் இருக்கும் சித்தி. இருவரும் தினமும் ஒரே தொடரை ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள், ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே. யாரைத் திட்ட வேண்டும், யாரை மன்னிக்கலாம் என்பதெல்லாம் அந்தத் தட்டில்தான் முடிவாகிறது. நண்பன் முன்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து காபியைக் குடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தான். பீரோவை எப்போதோ மாடி அறைக்கு மாற்றியிருந்தோம்.

திடீரெனக் கைபேசிக்குள்ளிருந்து சித்தி, "ஐயையோ, அடித்துவிட்டானே!" என்று கத்தினாள். எங்கள் திரையில் அவன் இன்னும் கையையே ஓங்கவில்லை.

"தினமும் இதே கூத்து" என்றாள் அம்மா. "அவளுக்கு எல்லாம் முந்தி வந்துவிடுகிறது. இங்கே நடப்பதற்குள் அங்கே அழுது முடித்துவிடுகிறாள். தம்பி, இதைச் சரிபண்ண முடியாதா?"

சித்திக்கு நேராக டிஷ்ஷில் வருகிறது, உங்களுக்கு இணையம் வழியாகச் சுற்றி வருகிறது, அதனால் சில வினாடிகள் தாமதமாகும் என்று அவன் பொறுமையாக விளக்கினான்.

அம்மா யோசித்தாள். "அப்படியானால் மாடியில் இருக்கிற டிஷ்ஷை மறுபடியும் மாட்டிவிடு" என்றாள்.

அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி மாடிக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது.

"அம்மா, வந்துவிட்டதா?"